செக்குபந்தி

ஒன்பதாம் எண்:
வடக்கே வேதாளைத் திடலின் பனைவரிசை,
கிழக்கே ஐஸ் கம்பெனிச் சுவர்,
தெற்கே கடல்,
மேற்கே கண் கூசும் வெயில்.
இந்த நான்கெல்லைக்குள்
பதினேழாவது ஓவரில் நூருல் அமீன் அடித்து
சுவரில் பட்டுத் தோல் பிய்ந்த
சிவப்புப் பந்து ஒன்று.
சாட்சி இருவர்.
எழுதியது, கீழக்கரை முஸ்தாக்,
சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்க் கடை.

பந்துக்குமா செக்குபந்தி என்கிறார்கள்.
சிரிக்கட்டும்.

கப்பல் வேலைக்குப் போன மைத்துனன்
ஒருமுறை அமெரிக்காவிலிருந்து
வெள்ளைப் பந்து ஒன்று கொண்டுவந்தான்.
அதில் நகத்தளவு ஸ்டிக்கர்,
சாய்த்தால் மின்னும் எண்.
இதை ஒட்டுவதற்கென்றே ஒருத்தன்
மைதானத்தில் உட்கார்ந்திருப்பானாம்,
ஆட்டத்தில் பட்ட பந்துதான் என்று
அவன் கண்ணால் பார்த்தால்தான் ஒட்டுவானாம்.
அந்த விளையாட்டு எனக்கு விளங்கவில்லை.
அந்த ஆள் விளங்கினான்.

அப்புறம் தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி,
எங்கே டோர்னமென்ட் என்றாலும்
ஸ்டாம்ப் பேடும் பேரேடுமாகப் போய்விடுவேன்.
நாற்பத்தொரு பந்துகள்.
ஜைத்தூன் சீர் கொண்டுவந்த பீங்கான் அலமாரியில்
பீங்கான் இப்போது கட்டிலுக்கடியில்.

இருபத்துமூன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியபட்டினம் இறுதிப்போட்டி.
பாம்பன் சிலுவைதாசன் கடைசிப் பந்தில்
நடுக்குச்சியைப் பெயர்த்தான்.
கூட்டம் உள்ளே பாய்ந்தது.
எவனோ குஷியில் பந்தைத் தூக்கி
கடலுக்குள் எறிந்தான்.
நீர் வற்றும் நேரம்.
இரண்டு நாள் கரையோரம் நடந்தேன்,
பாசி எடுக்கும் பெண்களிடம் சொல்லி வைத்தேன்.
மிதவை கிடைத்தது, பொம்மைத் தலை கிடைத்தது.

மூன்றாம் நாள் ராமநாதபுரம் பஸ் ஏறி
அதே கம்பெனிப் பந்து வாங்கினேன்.
பனைமரத்தில் தேய்த்தேன்,
உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன்,
மாடியில் காயவைத்தேன்.
சாட்சிகள் இருவரும்
என் மேசையில் எல்லாரும் செய்வதுபோல
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆறு வருடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் சிலுவைதாசன் வந்தான்,
கத்தார் போவதால்
வீட்டை அண்ணன் பேருக்கு பவர் எழுத.
முன்நெற்றி ஏறியிருந்தது.
இடது ஆள்காட்டி விரலின் நுனியை
எப்போதோ விஞ்சுக் கயிறு வாங்கிவிட்டது.
"அந்தப் பந்து உங்ககிட்டயா இருக்கு?"

இல்லை என்று சொல்ல
வாய் திறந்து
அலமாரியைத் திறந்தேன்.

மிச்ச விரல்களால் தையலைத் தேடினான்.
முகர்ந்தான்.
கண்ணை மூடினான்.
"இதேதாண்ணே.
இங்க பாருங்க, என் நகம் கீறினது."
பார்த்தேன்.
கீறல் இருந்தது.
எப்படி வந்ததென்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேரேட்டை அவனே இழுத்து
இரண்டு சாட்சிக்குக் கீழே
மூன்றாவதாகத் தன் பேரை எழுதினான்.
நான் மை ஒற்றும் தாளை
ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டிருந்தேன்.
பவர் பத்திரத்துக்குக் கூலி வாங்கவில்லை.
ஏன் என்று கேட்டான்,
கத்தாரில் வெயில் ஜாஸ்தி என்றேன்.

நேற்று, கடை மூடும் நேரம்,
பாசிப் பைக்குள்ளிருந்து
காளிமுத்தம்மா எதையோ எடுத்து
பத்திரங்களின்மேல் வைத்தாள்.
தையல் இல்லை. நிறம் இல்லை.
பாதிக்குமேல் சிப்பி அப்பி
தேங்காய்க் குரும்பை மாதிரி ஒன்று.
ஈரம் ஒரு கிரயப் பத்திரத்தில் இறங்கியது.

"முன்னால ஒருக்கா கேட்டீகளே,
இதுவா பாருங்க."

எந்த ஊர்க் கடல், எந்தத் தேதி,
கூட யார் இருந்தார்கள்,
எல்லாரிடமும் கேட்கும் நான்
எவ்வளவு வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.